பால் டீ ஜெயித்த வாரம்

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் காலையில், எனக்கும் பால் டீக்கும் இருந்த நாற்பத்தாறு வருஷத்து உறவை என் பெண்டாட்டி பாஞ்சாலை ஒரே வார்த்தையில் அறுத்துப் போட்டாள்.

“கெடையாது.”

“இன்னா கெடையாது?”

“டீ கெடையாது. பாலும் கெடையாது, சக்கரையும் கெடையாது. அப்பறம் டீன்னு இன்னாத்த குடிப்ப?”

“தூள் இருக்குது இல்ல?”

“அத்த வேணா மோந்து பாத்துக்க.”

எல்லாம் நர்சம்மா கோகிலவாணியால் வந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் ஏறி வந்து ஊரில் உள்ள எல்லார் விரலிலும் ஊசி குத்தினாள். என் விரலில் மட்டும் இரண்டு தடவை. முதல் தடவை வந்த நம்பரை மெஷினே நம்பவில்லையாம். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினாலு. போதாததற்கு என்னைத் ‘தாத்தா’ என்றாள். எனக்கு அறுபத்து மூன்றுதான். என்னைவிட நாலு மாசம் மூத்தவன் பக்கத்துக் கொல்லை ரங்கன். அவனை ‘அண்ணா’ என்றாள். என் இரண்டு காதாலும் கேட்டேன். அந்தப் பெண் அதை அன்றைக்கே மறந்திருக்கும். நான் மறக்கவில்லை.

பால் டீ என்றால் என்ன என்று இந்தப் பெண்களுக்குத் தெரியாது. எங்கள் மலையில் மார்கழிக் காலை என்பது மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. வாசலில் நிற்கிற பலாமரம் இருக்காது. ஆட்டுப் பட்டி இருக்காது. ஆடு கத்துகிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வரும். அந்த வெள்ளைக்குள் ஒரு தம்ளர் பால் டீயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், எது ஆவி, எது பனி என்று பிரிக்க முடியாது. முதல் வாய்க்குப் பலாமரம் திரும்பி வரும். இரண்டாம் வாய்க்குச் சாமைக் கொல்லை வரும். மூன்றாம் வாய்க்கு மலை மெதுவாக எழுந்து உட்காரும். உலகத்தை நானே குடித்துக் குடித்து உண்டாக்குகிற மாதிரி இருக்கும். கடைசி வாய்க்குத்தான் பாஞ்சாலை தெரிவாள். அதனால் கடைசி வாயை மட்டும் நான் கொஞ்சம் தள்ளிப் போடுவேன்.

இதைத்தான் அவள் கெடையாது என்றாள்.

அதற்குப் பதிலாக என் முன்னால் ஒரு தம்ளரை வைத்தாள். உள்ளே நூல் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம், கிணற்றில் விட்ட வாளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாசி பிடித்த நிறம்.

“இது இன்னாடி?”

“கிரீன் டீ. மாப்ள வேலூர்லருந்து அனுப்பிச்சாரு. கொழுப்பு கரையுமாம். ரத்தம் சுத்தமாவுமாம்.”

“என் ரத்தத்துல இன்னா அழுக்கு?”

“அறுவது வருசத்துக் கோவம் கீது.”

மாப்பிள்ளை ஜீவானந்தம் கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது என் காலை மிதித்தவன். மன்னிப்புக் கேட்டான். ஆனால் கேட்ட விதம் சரியில்லை. அவன் அனுப்பியதைக் குடித்து என் ரத்தம் சுத்தமாக வேண்டுமாம்.

ஒரு வாய் குடித்தேன். மழையில் நனைந்த புல்வெளியை நக்கின மாதிரி இருந்தது. அப்போதுதான் என் வாழ்நாளின் பெரிய முடிவை எடுத்தேன். தம்ளரைத் தரையில் வைத்தேன். எழுந்து நின்றேன்.

“பாஞ்சால, எந்த டீ ஒடம்புக்கு நல்லதுன்னு நீயா முடிவு பண்ணக் கூடாது.”

“நர்சம்மா சொல்லுச்சு.”

“அதுவும் முடிவு பண்ணக் கூடாது. போட்டி வெப்போம்.”

“டீக்கா?”

“டீக்குதான். வாரத்துக்கு ஒரு டீ, நாலு வாரம். வாரம் முடிஞ்சா புதன்கெழம நர்சம்மா மெஷின்ல குத்தட்டும். எந்த வாரம் நம்பர் கம்மியா வருதோ, அந்த டீதான் இனிமே இந்த வூட்டு டீ. நான் சாவற வரைக்கும்.”

“உன் பால் டீயும் போட்டியில உண்டா?”

“அதான் மொதல்ல.”

“அதான் கடேசி.”

நான் யோசித்தேன். கடைசி என்றால் மற்ற டீக்களின் நம்பர் தெரிந்த பிறகு ஓடலாம். அது நல்லதுதான். “சரி, கடேசி,” என்றேன், பெரிய மனசு பண்ணுகிற மாதிரி.

அவள் முறத்தில் இருந்த சாமையில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “சரிங்க.”

முப்பத்தெட்டு வருஷத்தில் பாஞ்சாலை எனக்கு ‘ங்க’ போட்டது அதற்கு முன் இரண்டே தடவை. ஒன்று, கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் முன்னால். இன்னொன்று, என்னைக் கேட்காமல் என் கிடாயை அவள் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த அன்று. இது மூன்றாவது. நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் என் மனசு அப்போது நாலாவது வாரத்துப் பால் டீயில் மிதந்துகொண்டிருந்தது.

நர்சம்மாவிடம் போட்டியைச் சொன்னோம். அவள் சிரித்தாள்.

“தாத்தா, எந்த டீயும் மருந்து இல்ல. நான் குடுத்த மாத்திரய வுடாதீங்க. சோத்தக் கொறைங்க. காலைல சாயங்காலம் ஏறி எறங்கி நடங்க. அதுதான் வேலை செய்யும்.”

“நீ நம்பர மட்டும் சொல்லும்மா,” என்றேன். வீட்டில் ஒருத்தி போதாதா.

முதல் வாரம் கிரீன் டீ. அதைக் குடித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்தால் கண் சொருகும். ஒரு நாள் நான் ஆடாகிவிட்டேன். பனிக்குள் மேய்ந்துகொண்டே போகிறேன். புல் முழுக்க நூல் கட்டிய பொட்டலங்கள் முளைத்திருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டு போகிறேன். நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளை கையில் குச்சியோடு என்னை ஓட்டிக்கொண்டு வருகிறான். அப்பவும் காலை மிதித்தான். விழித்துக்கொண்டேன். புதன்கிழமை நம்பர்: இருநூற்று ஒன்பது.

“ஒத்துக்க. அஞ்சு கொறஞ்சிருக்குது,” என்றாள் பாஞ்சாலை.

“அது பயத்துல கொறஞ்சது.”

இரண்டாம் வாரம் ஆவாரம் பூ. அமிர்திப் பக்கம் போனபோது பறித்து வந்து அவளே முறத்தில் காயவைத்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் தம்ளருக்குள் ஒரு சின்னச் சூரியன் உதித்த மாதிரி மஞ்சளாக மினுங்கியது. பார்க்க அவ்வளவு அழகு. குடித்தால்தான் கஷ்டம். அதனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மஞ்சளுக்குள் என் இளம் வயசு தெரிந்தது. மஞ்சள் புடவையில் பாஞ்சாலை பேசாமல் நிற்கிறாள். பேசாமல்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஆறிப்போச்சு, குடி,” என்றாள் பேசுகிற பாஞ்சாலை.

வேலிக்கு அந்தப் பக்கம் ரங்கன் வந்து நின்றான். நான் அவனோடு பேசி பதினாலு வருஷம் ஆகிறது. அவன் மகள் நிச்சயதார்த்தத்தில் எல்லாருக்கும் எவர்சில்வர் தம்ளரில் டீ கொடுத்தான். எனக்கு மட்டும் பேப்பர் கப். ‘தம்ளர் பத்தல’ என்றான். எண்ணிப் பார்த்தேன். ஒரு தம்ளர் சும்மா கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து, அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் என் ஆட்டிடம் சொல்லுவேன். அவனும் பழகிவிட்டான். அவன் பதிலையும் ஆட்டுக்கே சொல்லுவான்.

“இன்னா ஆடு, உன் மொதலாளி மஞ்சத் தண்ணி குடிக்கிறாரு?”

“சொல்லு ஆடு, ஒடம்பு தங்கமா மின்னுமாம்னு.”

“அப்பிடியா? போன வருசம் நானும் மூணு மாசம் குடிச்சேன்னு சொல்லு ஆடு.”

நான் அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தேன். தங்கம் எங்கும் தெரியவில்லை. “கெடையாதுன்னு சொல்லு ஆடு,” என்றேன்.

நம்பர்: இருநூற்று நாலு.

மூன்றாம் வாரத்துக்கு என்ன டீ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, புளியம்பிஞ்சு பார்க்க வாணியம்பாடியிலிருந்து முக்தார் அகமது பாய் வந்தார். வருஷா வருஷம் எங்கள் மலைப் புளியை எடுக்கிற வியாபாரி. அவர் மகள் கௌசர் கல்யாணத்துக்கு என்னை மரியாதையாகக் கூப்பிட்டார். ஆனால் ஃபேன் காற்று வராத மூலையில் உட்கார வைத்தார். பிரியாணி நன்றாக இருந்ததால் அந்தக் கோபத்தைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். டீப் போட்டியை அவரிடம் சொன்னேன்.

“அரே சின்னதம்பி, சுலைமானி தெரியாதா உங்களுக்கு? பால் வாணாம். தூள் கொஞ்சம், பட்ட ஒரு துண்டு, ஏலக்கா ஒண்ணு. எறக்கிட்டு எலுமிச்சம்பழம் நாலு சொட்டு. பஸ், அவ்ளோதான்! நம்ம வூட்டுக்காரி ஜோஹரா போட்டா, ரெண்டு தட்டு பிரியாணி இருக்கிற எடம் தெரியாம கரஞ்சி போவும்.”

“பாய், பிரியாணி தின்னாதான் கரையுமா? வெறும் வயித்துல குடிச்சா?”

பாய் கொஞ்சம் யோசித்தார். “வெறும் வயித்துல நாங்க குடிக்கிறதே இல்லியே.”

சுலைமானி பரவாயில்லை. கருஞ்சிவப்பாக, மழைக்காலத்து ஆற்றுத் தண்ணீர் மாதிரி. எலுமிச்சை விட்டதும் சட்டென்று நிறம் வெளுத்து, யாரோ உள்ளே விளக்கு ஏற்றின மாதிரி ஆகும். அதன் மணத்தில் கண்ணை மூடினால், நான் ஒரு பெரிய பந்தியில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பேன். காற்று வீசிக்கொண்டே இருக்கும். இலையும் நிறைந்துகொண்டே இருக்கும். கண்ணைத் திறந்தால் பாஞ்சாலை.

நம்பர்: நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் குறைந்துகொண்டே வருகிறது. பால் டீ இந்த நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போய் ஜெயிக்காவிட்டால், ஆயுசுக்கும் சுலைமானி. அது பந்திக்குச் சரி. விடியற்காலைப் பனிக்கு யார் பதில் சொல்லுவது? அதில் பலாமரம் திரும்பி வராது. மலை எழுந்து உட்காராது.

நாலாம் வாரம் முதல் நாள் காலை, சொன்ன சொல் தவறாமல் பாஞ்சாலை பால் டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு ஸ்பூன் சக்கரை. நுரையோடு. நான் முதலில் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த உலகம் ஒவ்வொரு வாய்க்கும் திரும்பி வந்தது. ஆடு வந்தது. வேலி வந்தது. ரங்கன்கூட வந்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

தம்ளரைக் கவிழ்த்ததும் வேலையைத் தொடங்கினேன்.

நர்சம்மா என்ன சொன்னாள்? ஏறி இறங்கி நட, சோற்றைக் குறை, அதுதான் வேலை செய்யும் என்றாள். செய்யட்டுமே! யாருக்கும் தெரியாமல் நான் நடப்பேன். யாருக்கும் தெரியாமல் சோற்றைக் குறைப்பேன். நம்பர் சரியும். பேர் பால் டீக்குப் போகும். நடந்தது வெளியே தெரிந்தால் பேர் நடைக்குப் போய்விடும். அதனால் ரகசியம் முக்கியம்.

“ரோட்டாண்ட போய்ட்டு வர்றேன்,” என்பேன்.

“போய்ட்டு வா,” என்பாள், தலை நிமிராமல்.

வாசலைத் தாண்டி பத்தடி போனால் போதும். பனி என்னை விழுங்கிவிடும். அப்படியே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் மேல்கொல்லைக்கு ஏறுவேன். செங்குத்தான வழி. முதல் நாள் என் முழங்கால் என்னைத் திட்டியது. இரண்டாம் நாள் முனகியது. மூன்றாம் நாள் அதற்கும் பழகிவிட்டது. கால் எங்கே வைக்கிறேன் என்று தெரியாது. கை நீட்டினால் கை தெரியாது. ஒரு பெரிய பாத்திரத்துப் பாலுக்குள் விழுந்த ஒரே ஒரு தேயிலைத் துணுக்கு மாதிரி நான் மெல்ல மேலே மிதந்து போவேன்.

மேலே போனதும் பாறையில் உட்காருவேன். கீழே பள்ளம் முழுக்க பனி, பொங்கி வழியப் போகிற பால் மாதிரி ததும்பிக்கொண்டு நிற்கும். அதில் அங்கங்கே மலை முகடுகள் மட்டும் ஏடு மாதிரி மிதக்கும். ஊர் இல்லை. வேலி இல்லை. மூச்சு மட்டும் நிதானமாகத் திரும்பி வரும். ஐந்தாம் நாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது ரங்கனுடைய பேப்பர் கப் ஞாபகத்துக்கு வந்தது. வந்து, ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. நெஞ்சு கொதிக்கவே இல்லை. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து கீழே இறங்கிவிட்டேன்.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஏழு நாளும் ஏறினேன். பாஞ்சாலை போட்ட சோற்றில் பாதியைக் கொல்லைப்புறம் கை கழுவப் போகிற சாக்கில் நாய்க்கு வைத்தேன். எங்கள் நாய் என்னை மதித்தது அந்த ஒரு வாரம்தான்.

புதன்கிழமை கோகிலவாணி குத்தினாள். மெஷினைப் பார்த்தாள். பழையபடி இன்னொரு விரலில் குத்தினாள்.

“நூத்தி நாப்பத்தாறு! தாத்தா, இன்னா பண்ணீங்க?”

“பால் டீ குடிச்சேன்.”

“பால் டீயால எப்பிடி…”

பாஞ்சாலை குறுக்கே விழுந்தாள். “இருக்கட்டும் பாப்பா. ஜெயிச்சவர ஜெயிக்க வுடு. தெனம் ரெண்டு தம்ளர் குடுக்கலாமா?”

“சின்னத் தம்ளரா குடுங்க. சக்கர அரை ஸ்பூன் போதும். மாத்திர நிக்கக் கூடாது. இப்ப இருக்கிற மாதிரியே இருந்தா நல்லது.”

“கேட்டுக்கினீங்களா? இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணுமாம்,” என்றாள் பாஞ்சாலை என்னைப் பார்த்து. முகத்தில் தோற்றவளின் வருத்தம் ஒன்றும் இல்லை. நாலாவது ‘ங்க’ வேறு.

எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்தக் கிடாய் ஞாபகம் வந்தது. இவள் இன்றைக்குச் சரி என்பாள். நாளைக்கு அடுப்பை அணைத்துவிட்டுக் கிடையாது என்பாள். வாய் வார்த்தையை நம்பக் கூடாது. எங்கள் ஊரில் பேச்சு மாறக் கூடாத விஷயம் என்றால் காளியம்மன் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்துச் சத்தியம் பண்ணுவோம். அப்படி அடித்த சத்தியத்தை மீறினவன் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பயிரும் நிற்காது என்று ஒரு பயம்.

“சூடம் அடிக்கணும்,” என்றேன்.

“ஒரு தம்ளர் டீக்கா?”

“உன்ன நம்ப மாட்டேன். அடிக்கணும்.”

“நான் அடிக்கிறேன். நீயும் அடிக்கணும். ஒருத்தர் மட்டும் அடிச்சா சாமி இன்னா நெனைக்கும்?”

நியாயமாகத்தான் பட்டது. அன்று மதியமே கோயிலுக்குப் போனோம். முதலில் பாஞ்சாலை. “தாயே, இவரு உசுரோட இருக்கிற வரைக்கும் தெனம் காலைல, சாயங்காலம் பால் டீ போட்டுக் குடுப்பேன்.” பட்டென்று அடித்தாள். சூடம் அணைந்தது. என் மனசு குளிர்ந்தது.

“நான் இன்னா சொல்லணும்?”

“நர்சம்மா சொன்னதுதான். இந்த ஏழு நாளும் எப்பிடி இருந்தேனோ, அப்பிடியே ஆயுசுக்கும் இருப்பேன்னு.”

இந்த ஏழு நாளும் எப்படி இருந்தேன்? பால் டீயோடு இருந்தேன். இதைவிட இனிப்பான சத்தியம் உண்டா? ஒரு எழுத்து விடாமல் சொல்லி, சூடத்தை அடித்தேன். சந்தோஷத்தில் கொஞ்சம் ஓங்கியே அடித்துவிட்டேன். உள்ளங்கை பொரிந்துபோனது. வலி தெரியவில்லை.

மறுநாள் விடிந்தது. போர்வைக்குள் கிடந்தபடியே பால் பொங்குகிற வாசனையைத் தேடினேன். பனிதான் சன்னல் வழியாக உள்ளே வந்து எட்டிப் பார்த்தது. எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்து கிடந்தது. பால் போசி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஃபிளாஸ்க்கைக் காணோம். தம்ளரைக் காணோம். பாஞ்சாலையையும் காணோம்.

“பாஞ்சால!”

பின்பக்கம், வெள்ளைக்குள், மேலே எங்கிருந்தோ அசரீரி மாதிரி ஒரு குரல் இறங்கி வந்தது.

“யோவ்! எழுந்துட்டியா?”

“எங்கடி கீற?”

“மேல்கொல்லையில! பாறமேல!”

“டீ எங்க?”

“இங்கதான் கீது! ஃபிளாஸ்க்குல ஊத்தி எடுத்தாந்துட்டேன்! ஏறி வா!”

“அங்க ஏன் வரணும்? நான் எப்ப அங்க வந்தேன்?”

“ஏழு நாளும் ரெண்டு வேளையும் வந்தியே! உன் வேட்டியில ஒட்டுன ஊசிப்புல்ல துவைக்கறப்ப யாரு பொறுக்குனா? மேல்கொல்லைய வுட்டா அந்தப் புல்லு வேற எங்க முளைக்குது? ரோட்டாண்ட முளைக்குதா?”

நான் குனிந்து என் வேட்டியைப் பார்த்தேன்.

“நடன்னு நான் சொன்னா நடந்திருப்பியா? சோத்தக் கொறன்னா கொறச்சிருப்பியா? ஒரு வாரத்துல நாய் எப்பிடிக் கொழுத்துப் போச்சு பாத்தியா?”

நாய் என் பக்கத்தில் நின்று வாலை ஆட்டியது.

“சாமிகிட்ட இன்னா அடிச்ச? இந்த ஏழு நாளும் எப்பிடி இருந்தேனோ அப்பிடின்னு அடிச்ச இல்ல?”

பொரிந்த உள்ளங்கை அப்போதுதான் எரியத் தொடங்கியது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். பத்தடி நடந்தேன். பனி என்னை விழுங்கியது.

மேலேயிருந்து குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் அன்பாக.

“மெதுவா வாங்க! அவசரம் ஒண்ணியும் இல்ல, ஆயுசுக்கும் ஏறப்போறீங்க!”